‘குளிக்கக் கூடாது’: எங்கள் ஹாலில் தொங்கும் படத்தைப் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, ஒரு படம் மாட்டியிருக்கிறேன். நார்மன் ராக்வெல் என்ற அமெரிக்கர் 1921-ல் வரைந்ததன் பிரதி. பெயர் ‘நோ ஸ்விம்மிங்’, இங்கே குளிக்கக் கூடாது என்று அர்த்தம். செருப்பைக் கழற்றக் குனிந்தவர்கள் நிமிரும்போது மூக்குக்கு நேரே அதுதான் இருக்கும் என்பதால், ஃபேன் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் தொடங்கி சம்பந்தி வீட்டார் வரை யாரும் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே வந்ததில்லை. கேட்டதையே கேட்கிறார்கள், நானும் சொன்னதையே சொல்கிறேன், காபி ஆறிப்போகிறது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

இந்தப் பசங்க எதுக்கு சார் இப்படி ஓடுறாங்க?

எலெக்ட்ரீஷியன் கேட்டது. மூன்று பையன்கள், கூடவே ஒரு நாய். பையன்கள் துணியை மாட்டியும் மாட்டாமலும், மிச்சத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தலைதெறிக்க ஓடுகிறார்கள். பின்னால் ஒரு பலகை. அதில் எழுதியிருப்பதுதான் படத்தின் பெயர். பலகையைப் படிக்காதவரை ஏதோ ஓட்டப்பந்தயம் மாதிரி இருக்கும். படித்துச் சொன்னதும் அவர் ஏணியில் நின்றபடியே சிரித்துவிட்டார்.

குளம் எங்கே, ஆறு எங்கே என்று தேட வேண்டாம், வரையவே இல்லை. ஒரு பலகை, கையில் துணி, ஓடுகிற கால்கள், அவ்வளவை வைத்தே தண்ணீர் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்மை நம்ப வைத்துவிடுகிறார்.

துரத்துறது யாரு? ஆளையே காணோமே?

வரையவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறார். ஒரு போலீஸ்காரரையோ தடியோடு ஒரு நிலக்காரரையோ மூலையில் போட்டிருந்தால் கதை அவருடையதாகியிருக்கும்: வருகிறார், பிடிப்பார் அல்லது பிடிக்க மாட்டார், முடிந்தது. ஆளே இல்லாததால் நாமே ஒருவரை அங்கே நிறுத்திக்கொள்கிறோம். நான் வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரீஷியன் தயங்காமல் “தோட்டக்காரன்” என்றார். சம்பந்தியம்மா “எங்க பெரியப்பா” என்றார். பக்கத்துத் தெருவில் இருக்கும், முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு “நானாத்தான் இருக்கும்” என்றார்.

இன்னொரு வேலையும் செய்திருக்கிறார், உற்றுப் பார்த்தால் தெரியும். ஓரத்தில் ஓடுகிறவர்கள் முழுதாக இல்லை, படத்தின் விளிம்பு அவர்களை வெட்டுகிறது. கேமராவைத் திருப்புவதற்குள் பாய்ந்து போய்விட்ட மாதிரி. நடுவில் இருப்பவன்தான் நமக்கு முழுதாகக் கிடைக்கிறான், அவனும் இன்னும் ஒரு நொடியில் போய்விடுவான்.

இது ஓவியமா, பத்திரிகை அட்டையா?

இரண்டும். கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது, ஆனால் வரைந்ததே அட்டைக்காகத்தான். பிலடெல்ஃபியாவில் இருந்து வந்துகொண்டிருந்த ‘த சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ என்ற வாரப் பத்திரிகையின் 1921 ஜூன் 4 இதழ் அட்டை. கோடை தொடங்கும் வாரம், பள்ளிக்கூடம் மூடப்போகிற நேரம். இதழின் விலை 5 சென்ட். அந்தக் காலத்தில் வாரம் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற பத்திரிகை அது, டிவியும் ரேடியோவும் வீடுகளுக்கு வராத காலம் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். ராக்வெல்லின் முதல் அட்டை அதில் 1916 மே மாதம் வந்தது, அப்போது அவருக்கு 22 வயது. 1963 வரை 300-க்கும் மேற்பட்ட அட்டைகள்.

கடையில் தொங்கும் இருபது பத்திரிகைகளுக்கு நடுவே, நடந்து போகிறவனின் கண்ணை இரண்டு நொடியில் பிடித்தாக வேண்டும். குளமும் மரமும் மேகமும் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் இப்படி மங்கி, காவி கலந்த மாதிரி இருக்கு? பழசானதாலயா?

இல்லை, அச்சகத்தால். அப்போது போஸ்ட் பத்திரிகையின் அட்டைகளை இரண்டே நிறத்தில்தான் அடித்தார்கள்: கறுப்பு, சிவப்பு. அதனால் வரைகிறவரும் அந்த இரண்டுக்குள் அடங்குகிற மாதிரித்தான் வண்ணம் குழைக்க வேண்டும். நீலத்தை அள்ளிப் பூசினால் அச்சில் காணாமல் போய்விடும். முழு வண்ண அட்டை 1926-ல்தான் வந்தது, அதுவும் ராக்வெல் வரைந்ததுதான். இந்தப் பையன்களின் தோல் அவ்வளவு செம்மண் நிறத்தில் இருப்பதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை.

ஓடுற பசங்களை எப்படி வரைஞ்சார்? போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா?

போட்டோவுக்கு அவர் மாறியது 1930-களின் நடுவில். 1921-ல் உயிரோடு நிற்கிற பையன்களைப் பார்த்துத்தான் வரைந்தார். அப்போது அவர் நியூயார்க்குக்குப் பக்கத்தில் நியூ ரோஷெல் என்ற ஊரில் இருந்தார், மாடல்களும் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான். ஓடுகிற மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியும்? தூக்கிய காலுக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி வைத்துவிடுவார். நீங்கள் படத்தில் பார்க்கிற அந்தப் பாய்ச்சல், ஒரு ஸ்டுடியோவில் புத்தகக் கட்டின்மேல் கால் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பதில் இருந்து வருவது.

அதற்கும் பையன்கள் நிற்க வேண்டுமே. ராக்வெல் ஒரு தந்திரம் வைத்திருந்தார், அவரே பின்னாளில் சொன்னது. மேஜையில் 50 நிக்கல் காசுகளை, அதாவது 5 சென்ட் நாணயங்களை, அடுக்கி வைப்பார். 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு விடும்போது அதில் ஐந்தை எடுத்து மேஜையின் மறுபக்கம் நகர்த்தி, “இது உன்னுடையது” என்பார். பையனின் கண் அந்தக் குவியலிலேயே இருக்கும். ஒரு நிக்கல் கொடுத்தால் ஒரு போஸ்ட் இதழ் என்று மேலே சொன்ன விலையோடு சேர்த்துப் பார்த்தால், 25 நிமிட நிற்றலுக்கு ஐந்து இதழ். எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்: அடங்காத பையன்களின் படம், அடங்கி நின்றதற்குக் கூலி வாங்கிய பையன்களால் ஆனது.

குளிச்சா என்ன குத்தம்? எதுக்கு போர்டு?

படத்துக்குள் காரணம் சொல்லப்படவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இப்படிப் பலகை வைக்க ஏகப்பட்ட காரணங்கள் இருந்தன. தனியார் நிலம், ஊருக்குக் குடிநீர் எடுக்கிற ஏரி, ஆழம் தெரியாத பழைய கல்குவாரி, துணியில்லாமல் குளிக்கிறவர்களால் வழியில் போகிறவர்களுக்குச் சங்கடம். அப்புறம் நோய். 1916 கோடையில் நியூயார்க் நகரத்தில் மட்டும் போலியோவால் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். கோடை வந்தாலே பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடப் பெற்றோருக்குப் பயம் இருந்தது. இந்த அட்டை வந்த இரண்டே மாதத்தில், 1921 ஆகஸ்டில், பின்னாளில் ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் விடுமுறையில் இருந்தபோது காய்ச்சலில் படுத்தார், போலியோ என்றார்கள், அதன்பிறகு அவரால் துணையில்லாமல் நடக்க முடியவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் சிரிப்பு கொஞ்சம் குறையும். தெரியாமல் பார்த்தால் பலகை வெறும் பெரியவர்களின் வம்பு மாதிரித் தெரியும். அட்டையை வாங்கியவர்களுக்கு இரண்டும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

துணியில்லாம பசங்களை அட்டையில போட்டா அப்ப யாரும் திட்டலையா?

இது மெதுவான குரலில்தான் வரும். அந்தக் காலத்துக் கணக்கு வேறு. பையன்கள் ஆற்றிலும் குளத்திலும் துணியில்லாமல் குளிப்பது அமெரிக்காவில் சாதாரணம். ஒய்எம்சிஏ நீச்சல் குளங்களில் ஆண்களுக்கு அதுதான் விதியாகவே இருந்தது. கம்பளி நீச்சலுடையின் நூல் உதிர்ந்து வடிகட்டியை அடைத்துவிடும் என்பது ஒரு காரணம். போதாததற்கு ராக்வெல் கையில் இருக்கும் துணியையும் ஓடும் கோணத்தையும் வைத்து மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டார்.

ஆனால் பையன்கள் என்பதால்தான் இந்தச் சலுகை. இதே பிலடெல்ஃபியாவில் 1885-ல் தாமஸ் ஏக்கின்ஸ் என்ற ஓவியர் தானும் தன் மாணவர்களும் துணியில்லாமல் குளிப்பதை வரைந்தார். படத்தைக் கேட்டு வாங்கவிருந்தவரே அதை வேண்டாம் என்று வேறொன்றை மாற்றி வாங்கிக்கொண்டார். வளர்ந்த ஆண்கள் அமைதியாகப் பாறையில் உட்கார்ந்திருந்தால் சங்கடம், சின்னப் பையன்கள் பயந்து ஓடினால் வேடிக்கை.

ராக்வெல் சின்ன வயசுல இப்படித்தான் திரிஞ்சாரா?

எல்லோரும் ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். அவர் 1894-ல் பிறந்தது நியூயார்க் நகரத்தில், வளர்ந்தது மன்ஹாட்டனில், அடுக்கு வீடுகளில். கோடையில் மட்டும் குடும்பத்தோடு கிராமப்புறம் போய்ப் பண்ணை வீடுகளில் தங்குவார்கள். தவளை பிடிப்பது, மாட்டை ஓட்டுவது, நீந்துவது எல்லாம் அந்தச் சில வாரங்கள்தான். அப்புறம் திரும்ப நகரம், தெருச்சத்தம்.

வருடம் முழுக்க ஆற்றங்கரையில் இருக்கிறவனுக்கு ஆறு வெறும் ஆறுதான். பத்து மாதம் நினைத்துக்கொண்டே இருந்தவனுக்குத்தான் அது இப்படித் தெரியும்.

அப்ப இது பொய்தானே? யாரோட ஏக்கத்தை இவர் வித்தாரு?

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் கேட்டது, நல்ல கேள்வி. பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வடிகட்டியது. வாழ்க்கையில் அசிங்கமானதை விட்டுவிட்டு, எப்படி இருந்தால் நன்றாக இருக்குமோ அப்படி வரைகிறேன் என்கிற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார், மறைக்கவில்லை.

ஏக்கம் யாருடையது என்பதற்கு ஒரு எண் உதவும். 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அமெரிக்காவில் முதல்முறையாக நகரவாசிகள் பாதிக்கு மேல் போனார்கள், 51 சதவீதத்துக்குச் சற்று மேலே. அதாவது அடுத்த வருடம் இந்த அட்டையைக் கையில் எடுத்தவர்களில் நிறையப் பேர் கிராமத்திலோ சிற்றூரிலோ பிறந்து, நகரத்தில் அலுவலகத்துக்கோ ஆலைக்கோ போய்க்கொண்டிருந்தவர்கள். முதல் உலகப் போர் முடிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. இந்த மாதிரி ஆளுக்கு, டிராமில் போகும்போது, குளத்தங்கரையில் இருந்து ஓடுகிற மூன்று பையன்கள் எதைக் கிளறியிருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ராக்வெல்லின் வடிகட்டிய ஞாபகமும் அவர்களுடைய வடிகட்டிய ஞாபகமும் பொருந்திப்போயின. ‘அந்தக் காலத்து அமெரிக்கா’ என்று இன்று இதைக் காட்டுகிறார்கள், ஆனால் வரைந்த அன்றே இது ‘அந்தக் காலத்து’ப் படம்தான்.

நாங்க பம்பு செட்டுல, கிணத்துல குதிச்ச மாதிரிதானே இதுவும்?

சிரிப்பு ஒன்றுதான். அதனால்தான் நானும் இந்தப் படத்தை வாங்கினேன், மறுக்கவில்லை. ஆனால் பலகையைக் கவனியுங்கள். நம் ஊரில் கிணற்றுக்காரர் நேரே வந்து, அப்பா பெயரைச் சொல்லித் திட்டுவார். சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் சேதி போய்விடும், அங்கே இரண்டாம் சுற்று நடக்கும். இந்தப் படத்தில் மறுப்பது ஒரு பலகை, யார் பெயரும் முகமும் இல்லாத சட்டம். அதை மீறுவது அமெரிக்கர்களுக்கு ஒரு தனி ருசி. சொன்ன பேச்சைக் கேட்காத, உள்ளுக்குள் நல்லவனான ‘கெட்ட பையன்’ என்பவனை அவர்கள் 19-ஆம் நூற்றாண்டுக் கதைகளில் இருந்தே செல்லமாக வளர்த்து வந்தார்கள். அப்படிப்பட்டவர்களில் பெரிய பெயர் டாம் சாயர், மார்க் ட்வைன் கதையின் நாயகன்; அந்தக் கதைக்கு 1930-களில் ராக்வெல்லே படம் போட்டார்.

பொண்ணுங்க ஒருத்திகூட இல்லையே?

இந்தப் படத்தில் இல்லை. அந்தக் காலக் குறும்புப் படங்களில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் அல்லது கோள் சொல்வார்கள். ராக்வெல்லும் அந்தப் பழக்கத்துக்கு விலக்கு என்று சொல்ல முடியாது.

ஆனால் 1953 மே மாதம் ஒரு அட்டை வரைந்தார், தேடிப் பாருங்கள். பள்ளி முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண், ஒரு கண் வீங்கிக் கறுத்திருக்கிறது, தலை கலைந்திருக்கிறது, முகத்தில் வாயெல்லாம் பல்லாக ஒரு சிரிப்பு. எதிராளி எப்படி இருக்கிறான் என்பதை அந்தச் சிரிப்பைப் பார்த்து நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும், இங்கே துரத்துகிற ஆளைச் சேர்த்துக்கொண்ட மாதிரியே. வீங்கிய கண்ணின் நிறம் சரியாக வரவில்லை என்று உண்மையிலேயே அடிபட்ட கண் உள்ள ஆளைத் தேடி அலைந்தாராம். 32 வருடத்தில் பெஞ்சுக்காவது ஒரு பெண் வந்துவிட்டாள்.

இதே இடத்துல ஒரு கறுப்பினப் பையன் ஓடியிருந்தா, அப்பவும் சிரிச்சிருப்பாங்களா?

மறுபடி அண்ணன் மகள். இதற்கு நான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியதே இல்லை, நடந்ததைச் சொன்னால் போதும். 1919 ஜூலை 27, ஞாயிறு, சிகாகோ, மிச்சிகன் ஏரி. சில கறுப்பினப் பையன்கள் தாங்களே கட்டிய ஒரு தெப்பத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழக்கமாகக் குளிக்கிற இடத்துக்கு ‘சூடும் குளிரும்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், பக்கத்தில் ஒரு மது ஆலையில் இருந்து வெந்நீரும் ஐஸ் கம்பெனியில் இருந்து குளிர்ந்த நீரும் ஏரியில் வந்து கலக்கும். அன்று தெப்பம் மிதந்து மிதந்து 29-ஆம் தெரு ஏரிக்கரைப் பக்கம், வெள்ளையர்களுக்கு என்று ஆகிவிட்டிருந்த தண்ணீருக்குள் போய்விட்டது. அங்கே பலகைகூடக் கிடையாது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோடு, அவ்வளவுதான். கரையில் இருந்து ஒரு வெள்ளைக்காரர் கல் எறிந்தார். 17 வயது யூஜின் வில்லியம்ஸ் மூழ்கி இறந்தார். அங்கிருந்த போலீஸ்காரர் கல் எறிந்தவரைக் கைது செய்ய மறுத்தார். ஒரு வாரம் நீடித்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள், 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர்.

இரண்டு வருடம் கழித்து இந்த அட்டை. ராக்வெல் அதை நினைத்து இதை வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது கேள்வியில் சொன்னேனே, துரத்துகிற ஆளை நாமே நிறுத்திக்கொள்கிறோம் என்று: அந்த இடத்தில் யாரை நிறுத்த வேண்டியிருக்கும் என்பது ஓடுகிறவனின் தோலைப் பொறுத்தது. தவிர, அப்படி ஒரு அட்டை வந்திருக்கவே வாய்ப்பில்லை. கறுப்பினத்தவரை வேலைக்காரர்களாக மட்டும்தான் காட்ட வேண்டும் என்று அன்றைய ஆசிரியர் ஜார்ஜ் ஹொரேஸ் லாரிமர் தனக்குச் சொல்லியிருந்ததாக ராக்வெல்லே வயதான காலத்தில் சொன்னார்.

அவர் அந்தப் பத்திரிகையை விட்டு வந்தபின், 1964 ஜனவரியில், ‘லுக்’ பத்திரிகையில் வேறொரு படம் வந்தது. நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்கூடத்துக்கு 1960-ல் ஒரே கறுப்பினப் பிள்ளையாகப் போன ஆறு வயது ரூபி பிரிட்ஜஸை வைத்து வரைந்தது. வெள்ளைச் சட்டை போட்ட சின்னப் பெண், முன்னும் பின்னும் காவலுக்கு நான்கு அதிகாரிகள், சுவரில் எறிந்து சிதறிய தக்காளி. அதிகாரிகளுக்குத் தலை இல்லை, படத்தின் விளிம்பு தோளோடு வெட்டிவிடுகிறது. தக்காளி எறிந்த கூட்டத்தையும் வரையவில்லை. பார்த்ததுமே எனக்கு ஹாலில் இருக்கிற படம்தான் ஞாபகம் வந்தது. அதே கை, அதே உத்தி. இந்த முறை எதிரே இருக்கிற ஆள் நாம் நிற்கிற இடத்தில் நிற்கிறான்.

இதையெல்லாம் தெரிஞ்சும் ஏன் இன்னும் மாட்டி வெச்சிருக்கீங்க?

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் நன்றாகத்தான் ஓடுகிறார்கள்.

இதெல்லாம் கலையா, இல்ல காலண்டர் படமா?

விமர்சகர்கள் பல காலம் காலண்டர் படம் என்றுதான் சொன்னார்கள், நவீன ஓவியம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ராக்வெல்லின் பெயரே கேலிக்குரியதாக இருந்தது. அவரும் தன்னை இல்லஸ்ட்ரேட்டர், அதாவது பத்திரிகைக்கும் கதைக்கும் படம் போடுகிறவர், என்றே சொல்லிக்கொண்டார். 1978-ல் இறந்தார். 2013-ல் அவருடைய இன்னொரு போஸ்ட் அட்டையின் மூல ஓவியம் நியூயார்க் ஏலத்தில் 4 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போனது. விலையை வைத்துக் கலை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேலி செய்தவர்கள் கொஞ்சம் அமைதியாகிவிட்டார்கள். ஹாலில் இருக்கும் பிரதியின் அசல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊரில், அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் பதில் வேறு. தண்ணீரை வரையாமல் தண்ணீரைக் காட்டியிருக்கிறார், ஆளை வரையாமல் ஆளைக் காட்டியிருக்கிறார். அதைச் செய்யத் தெரிந்தவருக்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சரி.

கடைசியில மாட்டினாங்களா, இல்லையா?

எதிர்வீட்டுப் பாப்பா, ஒன்றாம் வகுப்பு. வருகிறபோதெல்லாம் கேட்பாள். நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் சொல்லிப் பார்த்தேன்: தப்பிச்சுட்டாங்க, ஒருத்தன் மட்டும் மாட்டிக்கிட்டான், படத்துக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டே இருக்காங்க. எதுவும் அவளுக்குத் திருப்தி இல்லை. போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டே அவளே சொல்லிவிட்டாள், “நாய்தான் குரைச்சுக் காட்டிக் குடுத்திருக்கும், அங்கிள்.” நாலு வருடமாகத் தினமும் பார்க்கிற எனக்கு நாயின் மேல் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.